எரியாத விளக்கும் எழாத வினாவும்

“கெட்டுப்போய்விட்டது, வேறொன்று வாங்கிவிடலாம்.”

சிங்கப்பூர்த் தமிழ் இல்லங்களில் இந்தச் சொற்றொடர் இன்று வெகு இயல்பாக ஒலிக்கிறது. விசையை அழுத்துகிறார்கள், கணினி விழிக்கவில்லை. பொத்தானைத் திருகுகிறார்கள், மாவரைக்கும் இயந்திரம் அசையவில்லை. உடனே தீர்ப்பு வந்துவிடுகிறது. விசாரணை இல்லை, சான்று இல்லை, மேல்முறையீடும் இல்லை. மறுநாள் மாலைக்குள் பழைய பொருள் அடுக்குமாடியின் கீழே குப்பையோடு குப்பையாகக் கிடக்கிறது. சிராங்கூன் சாலைக் கடையிலிருந்து புதிய பொருள் பெட்டியோடு மேலே ஏறுகிறது. இதனைச் செழிப்பின் அடையாளம் என்று கருதுவோர் உளர். அன்று, இஃது அறிவுச் சோம்பலின் அடையாளம். வீட்டில் ஒரு பொருள் இயங்க மறுக்கும்போது அது ஒரு வினாவை எழுப்புகிறது. அவ்வினாவுக்கு விடை தேடாமல் பொருளைத் தூக்கி எறிகின்றவர் பொருளை மட்டும் எறிவதில்லை. தம் பிள்ளைகள் கண்முன் சிந்திக்கும் பழக்கத்தையும் சேர்த்தே எறிகிறார்.

இவ்வாறு கூறுவது கடுமையாகத் தோன்றலாம். ஆயினும் ஒன்றைக் கருதிப் பார்த்தல் வேண்டும். மின்கருவிகளில் தோன்றும் பழுதுகள் எத்தனையோ வகை. அவற்றுள் ‘முற்றிலும் இயங்கவில்லை’ என்னும் பழுதே மிக அச்சமூட்டுவதாகத் தோன்றுகிறது. ஆனால் ஆராய்வதற்கு அதுவே எளிதாக அமைவது மிகுதி. அரைகுறையாக இயங்கும் கணினியின் கோளாற்றைக் கண்டறிய வல்லுநரும் தடுமாறுவர். அறவே இயங்காத கணினியிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி ஒன்றே: மின்சாரம் எதுவரை வந்து, எவ்விடத்தில் நின்றுபோயிற்று? வாய்க்காலில் நீர் வரவில்லை என்றால் உழவர் நிலத்தை விற்றுவிடுவதில்லை. மதகிலிருந்து வரப்பு வரை நடந்து அடைப்பு எங்கே என்று பார்க்கிறார். அந்த உழவரின் பேரப்பிள்ளைகள் வீவக வீட்டில் ஒரு சுவரிலிருந்து ஒரு மேசை வரை நடக்கச் சோம்புகிறார்கள்.

வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருத்துவருக்கு வகுத்த நெறியை அறியாத தமிழர் இலர். நோயைத் தேர்ந்து, அதன் காரணத்தைத் தேர்ந்து, தணிக்கும் வழியைத் தேர்ந்து, பின்னரே செயலில் இறங்க வேண்டும் என்பது அந்நெறி. மேடைதோறும் அக்குறளை முழங்குகின்றவர் வீட்டில் கணினித் திரை இருண்டவுடன் மூன்று தேர்வுகளையும் விட்டுவிட்டுக் கடைக்கு ஓடுகிறார். குறள் மேடைக்கு மட்டும் உரியதா?

சிங்கப்பூரில் மின்சாரத்தின் வரலாறு தமிழர் குடியிருந்த பகுதிக்கு மிக அண்மையில் தொடங்கியது. தேக்காவுக்கு அருகே மெக்கன்சி சாலையில் டிராம் வண்டிகளுக்காக நிறுவப்பட்ட மின்னிலையத்திலிருந்து பெற்ற மின்சாரத்தால் 1906ஆம் ஆண்டில் ராஃபிள்ஸ் பிளேஸ் முதலிய இடங்களில் தெருவிளக்குகள் எரிந்தன. 1927இல் செயின்ட் ஜேம்ஸ் மின்னிலையம் எழுந்தது. இன்றோ உலகிலேயே மின்தடை மிகக் குறைந்த நகரங்களுள் ஒன்றாகச் சிங்கப்பூர் விளங்குகிறது. 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் அதிகாலையில் ஏறத்தாழ 1,47,000 இணைப்புகளில் மின்சாரம் தடைப்பட்டபோது 38 நிமிடங்களில் அது முற்றும் சீர்செய்யப்பட்டது. அந்த 38 நிமிடங்களே பெருஞ்செய்தியாயின. இதிலிருந்து அறியத்தக்கது யாது? அண்டை வீட்டில் விளக்கு எரியும்போது தம் வீட்டில் ஒரு கருவி மட்டும் இயங்கவில்லையெனில், கோளாறு மின்னிலையத்தில் இல்லை. வீட்டுக்குள்ளே, கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2008 முதல் சில ஆண்டுகள் நீண்ட மின்வெட்டு நிலவியது. அக்காலத்தில் அங்குள்ள எளிய இல்லத்தரசியும் மின்கலத்துக்கு வடிநீர் ஊற்றக் கற்றார். மின்னழுத்தம் தாழ்ந்தால் குளிர்பெட்டியை நிறுத்திவைக்கக் கற்றார். குறை அவருக்கு ஆசிரியராயிற்று. சிங்கப்பூரில் நிறைவு மக்களை மாணவராக்கவில்லை; வெறும் வாடிக்கையாளராக்கிவிட்டது.

அடைப்பைத் தேடும் வழிதான் எத்தகையது? அதற்குப் பொறியியற் பட்டம் தேவையில்லை, ஒழுங்கு தேவை. சுவரிலுள்ள பிளக் துளையில் முதலில் வேறொரு கருவியைச் செருகிப் பார்க்க வேண்டும். அஃது இயங்கினால் சுவர் குற்றமற்றது. அதுவும் இயங்கவில்லையெனில் மின்பெட்டியில் ஏதேனும் விசை விழுந்திருக்கிறதா என்று காண வேண்டும். சுவர் நன்றாயிருந்தால் அடுத்தது நீட்டிப்புப் பலகை. அதனை விலக்கிக் கருவியை நேராகச் சுவரிலேயே இணைக்க வேண்டும். அடுத்தது பிளக்கின் உள்ளே இருக்கும் உருகி. சிங்கப்பூரில் பயன்படும் மூன்று செவ்வக முனைப் பிளக்கிற்குள் விரலின் ஒரு கணுவினும் சிறிய குழல் வடிவில் ஓர் உருகி உண்டு என்பதையே அறியாதவர் பலர். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிய பின் அதே ஆம்பியர் அளவுள்ள நல்ல உருகியை மாற்றிப் பார்ப்பது ஒரு திருகாணி வேலை. அதன்பின் கம்பி, அதன்பின் அடாப்டர், அதன்பின்னரே கருவி.

மேசைக் கணினியாயின் அதன் பின்புறத்தில், மின்கம்பி நுழையும் இடத்தருகே பெரும்பாலும் ஒரு சிறு விசை இருக்கும். தூசி துடைக்கும் கை பட்டு அஃது அணைந்திருப்பது உண்டு. மடிக்கணினியாயின் அடாப்டரின் சிறு விளக்கே சாட்சி சொல்லும். தனித்திருக்கும்போது எரிகின்ற அவ்விளக்கு கணினியில் இணைத்தவுடன் அணைந்தால், பெரும்பாலும் கணினிக்குள் குறுக்குச்சுற்று இருக்கிறது என்று பொருள். தனித்திருக்கும்போதே எரியவில்லையெனில், சுவர் நன்றாயிருக்கும்வரை அடாப்டரையோ அதன் கம்பியையோதான் முதலில் ஐயுற வேண்டும். சில வேளைகளில் கம்பியைக் கழற்றிவிட்டு, இயக்கும் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்னூட்டத்தை வடியவிட்டு, மீண்டும் இணைத்தாலே மடிக்கணினி விழித்துக்கொள்வதும் உண்டு. மின்விசிறி முனகுகிறது, ஆனால் சுழலவில்லை என்றால் மின்சாரம் வந்துவிட்டது. தொடக்க விசை தரும் மின்தேக்கி தளர்ந்திருக்கக்கூடும். அதன் விலை சில வெள்ளிகள். இத்தனையும் அறியாமல் ‘போய்விட்டது’ என்று தலையாட்டுவது, நாடி பார்க்காமலே ஈமக்கடனுக்கு நாள் குறிப்பது போன்றதாகும்.

இதனை மறுப்போர் கூறும் வாதங்கள் நான்கு. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வது தகும்.

“பழுதுபார்க்கும் கூலியைவிடப் புதுப்பொருளின் விலை குறைவு” என்பது முதல் வாதம். கூலி உயர்ந்த நாட்டில் இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் பழுதே இல்லாத பொருளுக்குப் பழுதுபார்க்கும் கூலி எங்கிருந்து வருகிறது? உருகி போன பிளக்கும், அணைந்து கிடந்த விசையும், உள்ளே முறிந்த கம்பியும் கூலி கேட்பதில்லை, கவனிப்பையே கேட்கின்றன. மேலும், விலையைப் பற்றிப் பேசுவோர் தமக்குரிய சட்ட உரிமையையும் கருதுவதில்லை. ‘லெமன் சட்டம்’ என வழங்கும் நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் 2012ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் சிங்கப்பூரில் நடைமுறையில் உள்ளன. வாங்கிய 6 மாதங்களுக்குள் ஒரு பொருளில் குறை தென்பட்டால், பொதுவாக அக்குறை விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். அன்று என்று மெய்ப்பிப்பது விற்றவர் பொறுப்பு. பழுது நீக்கம், மாற்றுப்பொருள், விலைக்குறைப்பு, பணத்தைத் திரும்பப் பெறுதல் ஆகியவற்றுக்கு அதில் வழி உண்டு. குறை எங்கே என்று சொல்லத் தெரியாதவர் இந்த உரிமையை எவ்வாறு கோருவார்?

“மின்சாரம் ஆபத்தானது, தெரியாதவர் தொடலாகாது” என்பது இரண்டாம் வாதம். இதுவே மறுக்கவியலாத வாதம். இதுவே அறிவின் தேவையை மிகுதியும் வலியுறுத்தும் வாதமும் ஆகும். கணினியின் மின்வழங்கிப் பெட்டிக்குள் இருக்கும் பெரிய மின்தேக்கி, 230 வோல்ட் மாறுமின்சாரம் நேர்மின்சாரமாக மாறும்போது 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னூட்டத்தைத் தாங்கி நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது சிறிது நேரம் உயிரோடிருக்கலாம். நுண்ணலை அடுப்பின் மின்தேக்கியோ அதனினும் பன்மடங்கு கொடியது. இவற்றைத் திறத்தல் கூடாது. ஊதிப் புடைத்த லித்தியம் மின்கலத்தை அழுத்துதலோ துளைத்தலோ மின்னூட்டுதலோ கூடாது. சுவருக்குள் ஓடும் மின்கம்பிகளைத் தொடும் உரிமை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளருக்கே உண்டு. எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அறிவதும் அறிவின் பகுதியே அன்றோ?

ஆனால் தொட அஞ்சுவதாகக் கூறும் இதே இல்லங்களில் நாள்தோறும் நடப்பது என்ன? கோயம்புத்தூரிலிருந்து ஆசையோடு கொண்டுவரப்பட்ட மாவரைக்கும் இயந்திரத்தின் பிளக் உருண்டை முனைகள் கொண்டது. சிங்கப்பூர்ச் சுவரில் உள்ள துளைகளை ஒரு மூடி காக்கிறது. நிலக்கம்பி முனை நுழைந்தால்தான் அது திறக்கும். அந்த மூடியை ஒரு குச்சியால் குத்தித் திறந்து, நிலக்கம்பி இணைப்பே இல்லாமல் உருண்டை முனைகளைத் திணித்து, ஈரக்கையோடு மாவு வழிக்கிறார்கள். உருகி எரிந்தால் வெள்ளித் தாளைச் சுற்றி வைக்கிறார்கள். ஒரே நீட்டிப்புப் பலகையில் கொதிகெண்டியையும் இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்து இணைக்கிறார்கள். 13 ஆம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 3,000 வாட் வரும். அதுவே அப்பலகையின் எல்லை. ஒவ்வொன்றும் 2,000 வாட் இழுக்கும் இரண்டு கருவிகள் அந்த எல்லையைக் கடந்துவிடும் என்பது தொடக்கப்பள்ளிக் கணக்கு. இவர்களைக் காப்பது அச்சமும் அன்று, அறிவும் அன்று, நற்பேறு ஒன்றே.

மின்கசிவு ஏற்பட்டால் கணப்பொழுதில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வீட்டு மின்பெட்டியில் உண்டு. 1985ஆம் ஆண்டு ஜூலை முதல் சிங்கப்பூரின் புதிய வீடுகளில் இது கட்டாயமாயிற்று. அதற்கு முன் கட்டப்பட்ட பழைய வீடுகளும் 2025 ஜூலைக்குள் இதனைப் பொருத்த வேண்டும் என்று விதிக்கப்பட்டது. இதனைத் திங்களுக்கு ஒருமுறை சோதிக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அதனை அழுத்திப் பார்த்த குடும்பங்கள் எத்தனை? இக்கருவி அடிக்கடி விழுந்தால் பலர் அதன்மீதே சினம் கொள்கின்றனர். காவலாளி கூச்சலிட்டதற்காகக் காவலாளியை அடிப்பது போன்ற செயல் இது. செய்யத்தக்கது எளிது. எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டு விசையைத் தூக்க வேண்டும். நின்றால், ஒவ்வொரு கருவியாக மீண்டும் இணைக்க வேண்டும். எதனை இணைத்ததும் விசை விழுகிறதோ அதுவே முதலில் ஐயுறத்தக்க கருவி. அதனைப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவைக்க வேண்டும். எல்லாம் கழற்றிய பின்னும் நிற்கவில்லையெனில், உடனே உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்க வேண்டும்.

“மறுசுழற்சிக்குத்தான் கொடுத்துவிடுகிறோமே” என்பது மூன்றாம் வாதம். வளங்களின் நீடித்த பயன்பாட்டுக்காக 2019இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ், 2021ஆம் ஆண்டு ஜூலை முதல் மின்னணுக் கழிவைத் திரட்டும் பொறுப்பு உற்பத்தியாளர்மீது சுமத்தப்பட்டிருக்கிறது. இது நல்ல ஏற்பாடு. ஆயினும் அவ்வேற்பாடு தோன்றவேண்டி வந்ததன் காரணத்தையும் எண்ணுதல் வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்னணுக் கழிவு சிங்கப்பூரில் சேர்வதாகத் தேசியச் சுற்றுப்புற வாரியம் கணக்கிட்டிருந்தது. எரித்த குப்பையின் சாம்பலை ஏற்கும் செமாக்காவ் நிலநிரப்பிடம் 1999இல் திறக்கப்பட்டது. இப்படியே போனால் அது 2035 அளவில் நிறைந்துவிடும் என்று கூறப்பட்டது. மற்றொரு தீவை எங்கே தேடுவது? மறுசுழற்சி, இறந்த பொருளுக்குச் செய்யும் ஈமக்கடன், பழுதுபார்த்தலே மருத்துவம். உயிருள்ளதற்கு ஈமக்கடன் செய்வது அறமாகாது.

“இக்காலப் பொருள்கள் திறக்க முடியாதபடி ஒட்டப்பட்டே வருகின்றன” என்பது நான்காம் வாதம். இதில் குற்றம் வணிகருடையது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பிற நாட்டு மக்கள் இதனைத் தலைவிதி என்று ஏற்கவில்லை. பிரான்சு நாட்டில் 2021 முதல் சில மின்கருவிகள், எவ்வளவு எளிதில் பழுதுபார்க்கத்தக்கன என்னும் மதிப்பெண்ணோடு விற்கப்படலாயின. துணி துவைக்கும் இயந்திரம், குளிர்பெட்டி முதலியவற்றுக்கு உதிரிப் பாகங்களை ஆண்டுக்கணக்கில் வழங்கவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் அதே ஆண்டு முதல் விதித்தது. 2024இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே ஒரு சட்டம் நிறைவேற்றியது. இவை தாமாக வந்தவையல்ல. “ஏன் திறக்க முடியவில்லை?” என்று மக்கள் கேட்டதால் வந்தவை. கேள்வி கேட்கும் பழக்கத்தைக் கைவிட்டவருக்கு எந்த வணிகர் அஞ்சுவார்?

சிங்கப்பூரில் இப்பழக்கம் ஒருகாலத்தில் தெருவிலேயே வாழ்ந்தது. லிட்டில் இந்தியாவின் எல்லையில், சுங்கை ரோட்டில், 1930களிலிருந்து பழம்பொருள் சந்தை ஒன்று நடந்துவந்தது. பழைய வானொலி, கடிகாரம், மின்விசிறி, கம்பிச்சுருள் எல்லாம் அங்கே தரையில் விரிக்கப்பட்டன. ஒருவர் எறிந்தது மற்றொருவர் கையில் மறுபிறவி எடுத்தது. 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாளோடு அச்சந்தை முடிவுற்றது. அதற்குச் சில நிமிட நடைத்தொலைவில், ஜாலான் புசாரில், மின்தேக்கியும் உருகியும் அளவுமானியும் விற்பதற்குப் பெயர்பெற்ற சிம் லிம் டவர் நிற்கிறது. தேக்காவில் காய்கறியும் மல்லிகையும் வாங்கித் திரும்பும் தமிழருள் அக்கட்டடத்தினுள் அடியெடுத்து வைத்தவர் சிலரே. ஆம்ஸ்டர்டாமில் 2009இல் மார்டினா போஸ்ட்மா தொடங்கிய பழுதுபார்க்கும் கூடத்தைப் போன்று, சிங்கப்பூரிலும் ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ என்னும் முயற்சி 2010களில் தோன்றியது. தொண்டர்கள் பொருளை வாங்கிச் சரிசெய்து கொடுத்துவிடுவதோடு நில்லாமல், உரியவரையே அருகில் அமர்த்திக் கற்பிப்பது அதன் சிறப்பு. இத்தகைய முயற்சிகளிலிருந்து தமிழ் அமைப்புகள் கற்றுக்கொண்டது என்ன?

இங்கேதான் மொழியின் பொறுப்பு வருகிறது. “கரண்ட் இல்லை” என்னும் ஒரே தொடரால் தமிழ் இல்லங்கள் எல்லாக் கோளாறுகளையும் மூடி மறைக்கின்றன. மின்னழுத்தம் இல்லையா? மின்னழுத்தம் இருந்தும் சுற்று அறுந்ததால் மின்னோட்டம் இல்லையா? கசிவால் விசை விழுந்ததா? மூன்றும் வெவ்வேறு நோய்கள், மருந்தும் வெவ்வேறு. சொல் கலங்கினால் சிந்தனையும் கலங்கும்; சிந்தனை கலங்கினால் பொருள் எரியும். இது மிகைக்கூற்று அன்று. இணையப் பெட்டிக்குரிய 12 வோல்ட் அடாப்டர் காணாமற்போனால், முனை பொருந்துகிறது என்பதற்காகவே மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டரைச் செருகிப் பெட்டியைப் பாழாக்குவோர் உண்டு. அதே வேளையில் 1 ஆம்பியர் கேட்கும் பெட்டிக்கு 2 ஆம்பியர் அடாப்டரை இணைக்க நடுங்குவோரும் உண்டு. அழுத்தம் என்பது மேல்தொட்டியின் உயரம் போன்றது. அது சமமாக இருக்க வேண்டும். ஆம்பியர் அளவு என்பது தொட்டி எவ்வளவு நீர் தரவல்லது என்பது போன்றது. அது தேவைக்குக் குறையாமல் இருந்தால் போதும், கருவி தனக்கு வேண்டியதையே எடுத்துக்கொள்ளும். நேர்முனையும் எதிர்முனையும் மாறாதிருக்க வேண்டும். இவ்வளவையும் சொல்லத் தமிழில் சொற்கள் இல்லையா? மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை, மின்தேக்கி, உருகி என எல்லாம் இருக்கின்றன. அவை ஏட்டில் இருக்கின்றன, வீட்டில் இல்லை.

உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டதோடு சிங்கப்பூரில் தமிழ்வழி உயர்நிலைக் கல்வி முடிவுற்றது. இன்றைய பிள்ளை மின்னியலை ஆங்கிலத்தில் கற்கிறது. தமிழைத் தமிழ்ப் பாடவேளையில் கற்கிறது. இரண்டும் வீட்டுக் கூடத்தில் சந்திப்பதில்லை. மின்விசிறி ஏன் முனகுகிறது என்று கேட்கும் பாட்டிக்குத் தேர்வில் உயர்மதிப்பெண் பெற்ற பேரனால் தமிழில் விடை சொல்ல இயலவில்லை. பாட்டிக்கு அறிவு குறைவா? பேரனுக்கு அறிவு குறைவா? இருவர்க்கும் இடையே கம்பி அறுந்திருக்கிறது. தமிழ்மொழி விழா ஆண்டுதோறும் ஏப்ரல் திங்களில் நடைபெறுகிறது. பட்டிமன்றமும் பாட்டரங்கமும் வேண்டியவையே. அவற்றோடு ஒருநாள், ஒரு சமூக மன்றத்தில், இயங்காத கருவிகளைக் கொண்டுவரச் செய்து, தகுதியுள்ளவர் மேற்பார்வையில், எங்கே அடைப்பு என்று தமிழிலேயே கேட்டுத் தமிழிலேயே விடை காணும் அரங்கு ஒன்றை நடத்தினால் என்ன குறைந்துபோகும்? பொன்னாடைகளுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதி போதும், சில அளவுமானிகளும் திருப்புளிகளும் வாங்க. பழுதைத் தமிழில் விவரிக்கக் கற்ற பிள்ளை, தமிழ் வெறும் வாழ்த்துமொழி அன்று, ஆய்வுமொழியும் ஆகும் என்பதை யாரும் சொல்லாமலே உணரும்.

பெற்றோர் செய்யத்தக்கது இதனினும் சிறிது. அடுத்தமுறை வீட்டில் ஏதேனும் ஒன்று இயங்க மறுக்கும்போது, கைப்பேசியில் விலை தேடுவதற்கு முன் பிள்ளையை அருகில் அழைக்கட்டும். “மின்சாரம் எதுவரை வந்திருக்கிறது, பார்ப்போமா?” என்று கேட்கட்டும். சுவரில் தொடங்கி ஒவ்வொரு படியாக இருவரும் நடக்கட்டும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்கட்டும். அந்தப் பொருள் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். பிழைக்காவிட்டாலும், ஏன் பிழைக்கவில்லை என்று அறிந்த பிள்ளை அவ்வீட்டில் இருக்கும்.